எந்தச் சக்கரம் சுடுகிறது? பெரிய குடும்ப வண்டியில் பிரேக் சூடேறினால் பார்க்க வேண்டியவை

எட்டுப் பேர் உட்காரும் வேன் ஒன்றைப் பதினோரு வருஷமாக ஓட்டுகிறேன். ஆட்கள், பெட்டிகள், கூரைமேல் மூட்டை எல்லாம் ஏறினால் இரண்டரை டன்னைத் தொட்டுவிடும். இந்த ஒரு வண்டியில் மட்டும் நான்கு தடவை பிரேக் சூடேறியிருக்கிறது; நான்கு தடவையும் காரணம் வேறு. சொந்தக்காரர்களின் வண்டிகளில் குனிந்து பார்த்ததையும் சேர்த்தால் கணக்கு பத்தைத் தாண்டும்.

முதல் தடவை செய்த தப்பு இன்னும் உறுத்துகிறது. முன் இடது சக்கரம் சுட்டது. சக்கரத்தோடு சுற்றும் தட்டான டிஸ்க்கையும், அதை இருபுறமும் கவ்வி நிறுத்தும் பேடையும் புதிதாகப் போட்டேன். மூன்றாவது வாரம் அந்தப் புது டிஸ்க் நீலம் பாரித்துக் கிடந்தது. சுட்டது டிஸ்க்தான், ஆனால் சுட வைத்தது வேறு ஒன்று. அதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

கீழே உள்ளதை வரிசையாகப் படிக்கத் தேவையில்லை. முதல் இரண்டு பகுதிகளைப் பார்த்துவிட்டு உங்கள் வண்டி காட்டும் அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம். ஒவ்வொரு அறிகுறியிலும் காசில்லாமல் பார்க்கக்கூடியது முதலில், செலவு வைப்பது கடைசியில்.

## இப்போதே புகை வருகிறது

சமதளமான இடத்தில் ஓரம் கட்டுங்கள். எல்லோரையும் இறக்கித் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். ஹேண்ட்பிரேக்கை இழுக்காதீர்கள். கொதிக்கிற டிஸ்க்கையோ டிரம்மையோ (சில பின்சக்கரங்களில் டிஸ்க்குக்குப் பதில் இருக்கும் கிண்ணம்; உள்ளிருந்து லைனிங் ஷூ விரிந்து அதைப் பிடிக்கும்) அப்போது இறுக்கினால் ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளலாம். ஆறும்போது உலோகம் சுருங்கிப் பிடி தளரவும் செய்யும், வண்டி உருளும். கியரில் போட்டு, ஆட்டோமேட்டிக் என்றால் 'பி'யில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள்.

தண்ணீர் ஊற்றாதீர்கள். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். சூடான வார்ப்பிரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் டிஸ்க் விரிசல் விடலாம், எழும் ஆவி கையைப் பொசுக்கும். தீ பிடித்துவிட்டது என்றால் கதை வேறு: தீயணைப்பான் இருந்தால் தள்ளி நின்று அடியுங்கள், டயருக்கு நேராக மட்டும் நிற்காதீர்கள், அது வெடிக்கலாம்.

புகை அடங்கியதும் உடனே கிளம்பக் கூடாது. அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் விடுங்கள். பிறகு இன்ஜினை ஓட விட்டு, வண்டியை நகர்த்தாமல் பெடலை மிதித்துப் பாருங்கள். வழக்கமான உயரத்தில் கெட்டியாக நிற்க வேண்டும். கால் உள்ளே இறங்கிக்கொண்டே போனால் அந்த வண்டி அங்கிருந்து இழுவை வண்டியில்தான் போக வேண்டும். மெதுவாக ஓட்டிப் போய்விடலாம் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள்.

புகை இல்லை, கருகிய வாடை மட்டும், பிரேக்கும் நன்றாகப் பிடிக்கிறது என்றால் நிறுத்துவதைவிட ஓட்டுவதே நல்லது. சமதளச் சாலையில் பிரேக்கைத் தொடாமல் நிதானமான வேகத்தில் பத்து நிமிஷம் ஓட்டுங்கள். ஓடுகிற காற்றில் ஆறுகிற அளவுக்கு நின்ற இடத்தில் ஆறாது.

## ஒன்றா, இரண்டா, நான்கா?

எதையும் கழற்றுவதற்கு முன் இதற்குப் பதில் தெரிய வேண்டும். சமதளச் சாலையில் 15 அல்லது 20 நிமிஷம் ஓட்டுங்கள், முடிந்தவரை பிரேக் போடாமல். கடைசியில் நிறுத்தும்போதும் கியரைக் குறைத்து, வண்டி தானாக வேகம் இழக்கும்படி விட்டு நிறுத்துங்கள். இறங்கி ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் உள்ளங்கையை ஒரு சாண் தள்ளிக் காட்டிப் பாருங்கள். தொட வேண்டாம்.

அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று இருந்தால் வேலை சுத்தமாக முடியும். துப்பாக்கி மாதிரி பிடித்து விசையை அழுத்துவது. அதில் ஒரு சூட்சுமம் உண்டு: பளபளக்கும் உலோகத்தில் அது சூட்டைக் குறைத்துக் காட்டும். பேட் உரசிப் பளிச்சென்று இருக்கும் வளையத்தில் காட்டாமல், துருநிறத்தில் இருக்கும் டிஸ்க்கின் நடுக்கிண்ணத்தில் காட்டுங்கள். நான்கு சக்கரத்திலும் அதே இடம். எண் சரியா தப்பா என்பது பெரிதில்லை, இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்கு வேண்டியது.

முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடச் சுடுவது இயல்பு. பிரேக் போடும்போது பாரம் முன்னால் சாய்வதால் அவைதான் அதிகம் உழைக்கின்றன. ஒரே அச்சில் இடதும் வலதும் 20 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் நான் கவலைப்படுவதில்லை. 40, 50 டிகிரி வித்தியாசம் வந்தால் அங்கே ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஒரு சக்கரம் மட்டும் சுட்டால் கோளாறு பெரும்பாலும் அந்தச் சக்கரத்திலேயே இருக்கும். பின்னால் இரண்டும் சுட்டால் ஹேண்ட்பிரேக்கைச் சந்தேகப்படுங்கள். முன்னால் இரண்டும், அல்லது நான்கும் சுட்டால் பெடலும், மிதிக்கும்போது ஆயிலை எல்லாச் சக்கரத்துக்கும் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரும். சமதளத்தில் எதுவுமே சுடவில்லை, பாரம் ஏற்றி இறக்கத்தில் போனால்தான் வருகிறது என்றால் 'இறக்கத்தில் மட்டும்' என்ற பகுதிக்குப் போங்கள்.

## ஒரே ஒரு சக்கரம் மட்டும் சுடுகிறது

பிரேக் ஆறியதும் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் ஸ்டாண்டு கொடுங்கள். இரண்டரை டன் வண்டியை ஜாக்கியை மட்டும் நம்பி விடக் கூடாது. சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். லேசான உரசல் சத்தம் இருக்கலாம், ஆனால் ஒரு சுற்றாவது தானாக ஓட வேண்டும். இன்னொருவரை விட்டு பெடலை ஒரு தடவை மிதித்து விடச் சொல்லிவிட்டு மறுபடியும் சுற்றுங்கள். முதலில் சுற்றியது, மிதித்து விட்டபின் சுற்றவில்லை என்றால் சரியான சக்கரத்தைத்தான் தூக்கியிருக்கிறீர்கள்.

கல், வளைந்த தகடு. டிஸ்க்குக்குப் பின்னால் மெல்லிய தகடு ஒன்று இருக்கும். அது வளைந்து டிஸ்க்கைத் தொட்டாலோ நடுவில் சரளைக் கல் சிக்கினாலோ கிறீச்சென்று சத்தம் வரும். சூடு அவ்வளவு வராது, ஆனால் பார்க்கக் காசு ஆகாது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பிவிட்டால் சரி.

பேட் சிக்கியிருப்பது. பேடின் இரண்டு காதுகளும் அதைத் தாங்கும் பிராக்கெட்டின் பள்ளத்தில் வழுக்கி முன்பின் போக வேண்டும். பள்ளத்தில் இருக்கும் எஃகுக் கிளிப்புக்கு அடியில் துரு வளர்ந்தால் கிளிப் மேலே எழும்பிப் பேடை நெரிக்கும். பேடைக் கையால் தள்ளி நகர்த்த முடிய வேண்டும். சுத்தியல் எடுக்கத் தோன்றினால் அதுதான் கோளாறு. கிளிப்பைக் கழற்றி, கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, புதுக் கிளிப் போடுங்கள். பேடின் காதை அரத்தால் ராவிச் சின்னதாக்குபவர்களும் உண்டு. அது துருவை அப்படியே விட்டுவிட்டுச் செய்யும் வேலை.

ஸ்லைடு பின். நான் பார்த்ததில் பாதிக்கு மேல் இதுதான். பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் கவ்வியான காலிப்பர், பின் எனும் இரண்டு தண்டுகளின்மேல் பக்கவாட்டில் நகர்கிறது. பின்னின் ரப்பர் உறை கிழிந்து தண்ணீர் போனால் கிரீஸ் காய்ந்து பின் இறுகிவிடும். சக்கரத்தைக் கழற்றியதும் பேடுகளின் தேய்மானத்தைப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். வெளிப்பேட் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் பின்கள். ஒரு பேட் ஆப்பு மாதிரி சரிவாகத் தேய்ந்திருந்தால் இரண்டில் ஒரு பின். உட்பேட் மட்டும் தேய்ந்திருந்தால் பிஸ்டன் பக்கம் போங்கள்.

பின்னை வெளியே இழுத்து, துடைத்து, துருக்குழி விழுந்திருந்தால் மாற்றி, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கோன் கிரீஸை மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். கையில் கிடைத்த சாதாரண கிரீஸைத் தடவினால் ரப்பர் ஊதி, ஒரு மாதத்தில் முன்பைவிட மோசமாகச் சிக்கும். இரண்டு பின்னும் ஒரே மாதிரி இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். சில காலிப்பர்களில் ஒன்றின் நுனியில் மட்டும் ரப்பர் வளையம் இருக்கும். மேலிருந்தது மேலே, கீழிருந்தது கீழே. கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்துவிடுவது என் பழக்கம்.

பிஸ்டன். காலிப்பருக்குள்ளிருந்து பேடைத் தள்ளும் உருளை இது. பழைய பேடை வைத்து, திருகி இறுக்கும் சி கிளாம்ப் போட்டு மெதுவாக உள்ளே அழுத்துங்கள். ஒரே சீராக, நிதானமான எதிர்ப்போடு போக வேண்டும். அசையவே இல்லை, அல்லது பாதியில் முரண்டு பிடிக்கிறது என்றால் தூசி உறை கிழிந்து உள்ளே துரு பிடித்திருக்கும். அழுத்தும்போது மேலே ஆயில் டப்பா நிரம்பி வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; பிரேக் ஆயில் பெயின்டை உரித்துவிடும்.

பின்சக்கரக் காலிப்பரில் எச்சரிக்கை வேண்டும். ஹேண்ட்பிரேக் காலிப்பருக்குள்ளேயே இருக்கும் பல வண்டிகளில் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். பட்டன் அழுத்தும் எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் என்றால் சர்வீஸ் முறையில் போடாமல் அழுத்தினால் மோட்டார் போய்விடும். இறுகிய பிஸ்டனைப் பிரித்து ரப்பர் மாற்றுவது வீட்டு வாசலில் செய்யும் வேலை இல்லை, அங்கே மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

பிரேக் ஹோஸ். இதுதான் என்னை ஏமாற்றியது. காலிப்பருக்குப் போகும் ரப்பர் குழாய் உள்ளே உரிந்து தொங்கினால் ஒருவழிக் கதவு மாதிரி ஆகிவிடும். காலின் அழுத்தம் ஆயிலைத் தள்ளிக்கொண்டு போகும், ஆனால் காலை எடுத்தபின் ஆயில் திரும்பி வராது. பேட் டிஸ்க்கைக் கவ்வியபடியே நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் குழாய் புதிது மாதிரி இருக்கும்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. சக்கரம் இறுகி நிற்கும்போது காலிப்பரின் ப்ளீடர் நிப்பிளை, அதாவது ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் சின்னத் திருகை, கால் சுற்றுத் திறவுங்கள். நிப்பிளில் ஒரு சின்னக் குழாயும் கீழே ஒரு பாட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் பீய்ச்சி, சக்கரம் உடனே விடுபட்டால் உள்ளே அழுத்தம் தேங்கியிருந்தது என்று அர்த்தம்: ஹோஸ், அல்லது அதற்கும் மேலே மாஸ்டர் சிலிண்டர். ஒரு சக்கரம் மட்டும்தான் என்றால் ஹோஸ் மேல் பந்தயமே கட்டலாம். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடவில்லை என்றால் பின், பேட், பிஸ்டன் ஆகிய மூன்றில் ஒன்று.

என் வேனில் நிப்பிளைத் திறந்ததும் சக்கரம் சொடக்குப் போட்ட மாதிரி விட்டது. கழற்றிய ஹோஸை பிளேடால் நீளவாக்கில் கிழித்துப் பார்த்தேன். உள்ரப்பர் ஓரிடத்தில் நாக்கு மாதிரி உரிந்து வழியை மூடிக்கிடந்தது. விரல்நக அளவுகூட இல்லை. அதற்காகத்தான் ஒரு ஜோடி டிஸ்க் போயிருந்தது. குழாயை வண்டியோடு பிடித்திருக்கும் இரும்புக் கவ்வியையும் பாருங்கள். அதற்குள் துரு வீங்கி வெளியிலிருந்து குழாயை நெரிப்பதும் உண்டு. ஹோஸ் மாற்றினால் இரண்டு பக்கமும் மாற்றுங்கள், மற்றதற்கும் அதே வயதுதான். மாற்றியபின் ஆயில் குழாய்க்குள் புகுந்த காற்றை எடுக்க வேண்டும். அது தெரியாதவர்கள் இந்த இடத்தில் பட்டறைக்குப் போவது நல்லது.

வீல் பேரிங். சக்கரம் எளிதாகச் சுற்றுகிறது, ஆனாலும் நடுப்பகுதி கொதிக்கிறது. வேகத்தோடு கூடும் ஒரு உறுமல் கேட்கிறது. மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறது. இது பிரேக் கோளாறே இல்லை. தள்ளிப்போடாமல் மாற்றுங்கள். பிரேக் நெடுநாள் சுட்டதால் கிரீஸ் உருகி பேரிங் போவதும் நடக்கும், அதனால் இரண்டையும் பாருங்கள்.

## பின்சக்கரம் இரண்டும் சுடுகிறது

சிரிக்காதீர்கள், ஹேண்ட்பிரேக் ஒரு பல்லில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். என் மைத்துனர் இரண்டு மணி நேரம் அப்படியே ஓட்டி வந்துவிட்டு, "மாமா, வண்டி இழுக்கவே மாட்டேங்குது, டீசல் ஃபில்டர் அடைச்சிருக்கும்போல" என்றார். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

லிவர் முழுசாக இறங்கியும் பிடிப்பு விடவில்லை என்றால் கேபிள். வண்டிக்கு அடியில் கேபிள் போய்ச் சேரும் சின்ன நெம்புகோல், லிவரை விட்டதும் தன் நிலைக்குத் திரும்புகிறதா என்று இன்னொருவரை லிவரை இழுத்து விடச் சொல்லிப் பாருங்கள். திரும்பாமல் நின்றால் கேபிள் உறைக்குள் துரு. எண்ணெய் விட்டால் இரண்டு வாரம் தாங்கும், பிறகு மறுபடியும் சிக்கும், மாற்றிவிடுவதே முடிவு. அண்மையில்தான் யாரோ ஹேண்ட்பிரேக்கை 'டைட்' செய்தார்கள் என்றால் அதிகமாக இறுக்கியிருப்பார்கள்.

டிரம் பிரேக் என்றால் லைனிங் ஷூவை இழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அட்ஜஸ்டர் அளவுக்கு மீறிச் சுற்றப்பட்டிருக்கலாம். டிரம்மைத் திறந்ததும் உள்ளே ஈரம் தெரிந்தால் அது ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் கசிவோ அச்சு சீல் கசிவோ. எண்ணெய் குடித்த லைனிங்கைத் துடைத்துப் பயனில்லை, மாற்ற வேண்டும்.

## முன்னால் இரண்டும், அல்லது நான்கும் சுடுகிறது

இதில் ஒரு தனி அடையாளம் உண்டு: ஓட்ட ஓட்டப் பெடல் மேலேறி இறுகும். காலை வைத்த உடனேயே பிடிக்கும். வண்டி யாரோ பின்னால் கட்டி இழுப்பது மாதிரி திணறும். அரை மணி நிறுத்தினால் ஒன்றுமே நடக்காதது மாதிரி சரியாகிவிடும், மறுபடியும் ஓட்டினால் மறுபடியும் வரும்.

முதலில் தரைவிரிப்பு பெடலுக்கு அடியில் சுருண்டிருக்கிறதா பாருங்கள். அடுத்து, பெடலில் காலே இல்லாதபோது பின்னால் பிரேக் விளக்கு எரிகிறதா பாருங்கள். எரிந்தால் பெடல் முழுசாக மேலே வரவில்லை, அல்லது அங்கிருக்கும் சுவிட்ச் இடம் மாறியிருக்கிறது. பெடலை விரலால் அழுத்தினால் எதிர்ப்பு தொடங்கும் முன் சில மில்லிமீட்டர் சும்மா ஆட வேண்டும். அந்த ஆட்டமே இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டர் எப்போதும் கொஞ்சம் மிதிபட்டபடியே இருக்கிறது. சூட்டில் விரிந்த ஆயில் டப்பாவுக்குத் திரும்ப வழியில்லாமல் பிரேக்கை இன்னும் இறுக்குகிறது. காலின் அழுத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் பூஸ்டரோ மாஸ்டர் சிலிண்டரோ புதிதாக மாற்றியபின் இந்தக் கோளாறு தொடங்கியிருந்தால், இடையில் தள்ளும் கம்பியான புஷ்ராடின் நீளம்தான் காரணமாக இருக்கும்.

பிரேக் இறுகி நிற்கும்போது மெக்கானிக் செய்யும் சோதனை இது: மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோடு பிடிக்கும் இரண்டு நட்டுகளையும் சில சுற்று தளர்த்தி, சிலிண்டரை ஒரு இம்மி முன்னால் இழுப்பார். சக்கரங்கள் விடுபட்டால் கோளாறு பெடல், புஷ்ராடு, பூஸ்டர் பக்கம். விடவில்லை என்றால் சிலிண்டரிலிருந்து கிளம்பும் குழாயைக் கொஞ்சம் தளர்த்துவார். அப்போது விட்டால் சிலிண்டருக்குள்ளேயே அடைப்பு. இதைச் சொல்வது நீங்கள் செய்வதற்காக இல்லை. இதைச் செய்யாமலேயே "நாலு காலிப்பரும் மாத்தணும்" என்பவரிடமிருந்து வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வருவதற்காக.

கடைசியாக, செலவு அதிகம் வைக்கும் காரணம்: பிரேக் ஆயில் டப்பாவில் யாரோ இன்ஜின் ஆயிலையோ ஸ்டீயரிங் ஆயிலையோ ஊற்றியிருப்பது. டப்பா மூடியின் அடியில் இருக்கும் ரப்பரைப் பாருங்கள். ஊதி, நெளிந்து, திரும்ப மூடிக்குள் உட்கார மறுத்தால் சந்தேகம் வலுக்கிறது. டப்பாவிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் விடுங்கள். பிரேக் ஆயில் கரைந்துவிடும், மற்ற எண்ணெய் மேலே மிதக்கும். மிதந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். ரப்பர் உள்ள எல்லாப் பாகங்களும் ஊதியிருக்கும்: மாஸ்டர் சிலிண்டர், காலிப்பர், ஹோஸ் எல்லாம்.

## இறக்கத்தில் மட்டும், அதுவும் பாரத்தோடு

வண்டியில் ஒரு கோளாறும் இல்லாமலேயே இது வரலாம். கணக்கு இதுதான்: 2500 கிலோ வண்டி 500 மீட்டர் உயரத்திலிருந்து பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், 80 கி.மீ. வேகத்திலிருந்து ஏறக்குறைய இருபது தடவை முழுசாக நிறுத்திய சூடு பிரேக்கில் சேருகிறது. இடையில் ஆற நேரமே இல்லை.

பெடல் எப்படி மாறியது என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

பெடல் மெத்தென்று உள்ளே போனது. பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் ஏற ஏற சீக்கிரம் கொதிக்கும். ஆயில் டப்பாவில் டாட் (DOT) என்று தர எண் போட்டிருக்கும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் ஏறியபின் 140. டாட் 4 வகைக்கு 230, 155. டாட் 5.1 வகைக்கு 260, 180. ஆயில் மாற்றி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதென்றால் வேறெதையும் தேடாதீர்கள், முதலில் அதை மாற்றுங்கள். டாட் 5 என்பது சிலிக்கோன், பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் இவற்றோடு கலக்கவே கூடாது.

பலருக்குத் தெரியாதது ஒன்று. ஆயில் கொதிப்பது ஓடும்போதுதான் என்றில்லை. இறக்கம் முடிந்து ஓரமாக நிறுத்தி இளைப்பாறும்போது காற்றோட்டம் நின்றுவிடும், டிஸ்க்கின் சூடு காலிப்பருக்குள் ஏறும். பத்து நிமிஷம் கழித்துக் கிளம்பும்போது பெடல் தரையைத் தொடும். அதனால் மலையிறங்கி நிறுத்தியபின் எப்போது கிளம்பினாலும், கியர் போடும் முன் ஒரு மிதி மிதித்துப் பாருங்கள். ஒரு தடவை கொதித்த ஆயில் ஆறியதும் பெடல் சரியாகிவிட்ட மாதிரி தோன்றும். தோன்றட்டும், ஆயிலை மாற்றுங்கள்.

பெடல் கெட்டியாக நின்றது, வண்டி நிற்கவில்லை. இது பேடின் சூடு. பேட் எவ்வளவு மீதி இருக்கிறது பாருங்கள், 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும். மெலிந்த பேட் சூட்டை நேராக பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் கடத்தும். மேற்பரப்பு கண்ணாடி மாதிரி மினுங்கினால் வெந்துபோன பேட். மலிவான பேட் ஊருக்குள் ஒழுங்காகத்தான் பிடிக்கும், மலையில்தான் அதன் குணம் தெரியும். பல பேடுகளின் ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள் அச்சாகியிருக்கும்: முதலாவது குளிர்ந்த நிலைப் பிடிப்பு, இரண்டாவது சூட்டில் பிடிப்பு. ஈ என்பதைவிட எஃப் உயர்ந்தது, எஃபைவிட ஜி. இரண்டாவது எழுத்து முதலாவதைவிடத் தாழ்ந்திருக்கும் பேடைக் கனமான வண்டிக்கு நான் வாங்குவதில்லை.

பின்பிரேக் வேலை செய்கிறதா? புதுப் பேட், புது ஆயில், ஆனாலும் முன்னால் கொதிக்கிறது என்றால் இதைப் பாருங்கள். பின்னால் இருப்பது சோம்பேறியானால் அதன் வேலையும் சேர்ந்து முன்பிரேக்கின் தலையில் விழும். இறக்கம் முடிந்ததும் பின்சக்கரம் வெதுவெதுப்பாகக்கூட இல்லை என்றால் அட்ஜஸ்ட் தளர்ந்த டிரம்மோ, இறுகிப்போன வீல் சிலிண்டரோ. சில வேன்களில் பின் அச்சுக்கு மேலே, பாரத்துக்குத் தக்கபடி பின்பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று ஒரு கம்பியோடு இருக்கும். அந்தக் கம்பி துருவேறி நின்றுவிட்டால் எட்டுப் பேர் ஏறினாலும் வண்டி காலியாக இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். அதைச் சரிசெய்ய அளவுமானி வேண்டும், பட்டறை வேலை.

க்ரூஸ் கன்ட்ரோல். முன்னால் போகும் வண்டியைப் பார்த்துத் தானாக வேகம் குறைக்கும் வகை, இறக்கத்தில் உங்களுக்குத் தெரியாமல் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வரலாம். நீண்ட இறக்கத்தில் அணைத்துவிடுங்கள்.

ஓட்டும் விதம். ஏறும்போது என்ன கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். ஏறக்குறைய சரியாகவே இருக்கும். இறக்கம் தொடங்கும் முன்பே குறைத்துவிடுங்கள்; வேகம் ஏறியபின் குறைப்பது கடினம். ஆட்டோமேட்டிக்கில் 'எல்', '2' அல்லது மேனுவல் முறை இருக்கும், அதற்காகத்தான் இருக்கிறது. நியூட்ரலில் விடுவதும் இன்ஜினை அணைப்பதும் வேண்டவே வேண்டாம். அணைத்தால் பூஸ்டரின் உதவியும் போய்விடும். பிரேக்கை லேசாகத் தேய்த்துக்கொண்டே இறங்காமல், அழுத்தி வேகத்தைப் பத்துப் பதினைந்து கி.மீ. குறைத்து, காலை முழுசாக எடுத்துவிடுங்கள். அந்த இடைவெளியில்தான் டிஸ்க் மூச்சுவிடும்.

பாதி வழியில் பெடல் போய்விட்டால்: மள மளவென்று மிதியுங்கள், சில மிதியில் கொஞ்சம் அழுத்தம் திரும்பலாம். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட்பிரேக்கைப் பொத்தானை அமுக்கியபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் பின்சக்கரம் வழுக்கும். ஹார்னையும் எச்சரிக்கை விளக்கையும் போட்டுக்கொண்டு, ஏற்றமாகத் திரும்பும் பாதையைத் தேடுங்கள்.

## பிரேக் போட்டால் பெடலும் ஸ்டீயரிங்கும் அதிர்கின்றன

சூட்டின் பின்விளைவு இது. டிஸ்க் வளைந்துவிட்டது என்பார்கள். பெரும்பாலும் பேடின் பொருள் டிஸ்க்கில் திட்டுத் திட்டாக ஒட்டி, கனம் சீராக இல்லாமல் போயிருக்கும். சூடாக இருக்கும்போது அழுத்தமாக நிறுத்தி, காலை எடுக்காமல் சிக்னலில் நின்றால் இது வரும். டிஸ்க்கின் ஓரத்திலோ நடுக்கிண்ணத்திலோ குறைந்தபட்ச கனம் பொறித்திருக்கும். கடைந்தபிறகும் அதற்கு மேலே இருக்கும் என்றால் கடைந்து சரிசெய்யலாம், கீழே போயிருந்தால் மாற்ற வேண்டும். விளிம்பைத் தொடும் விரிசல் இருந்தால் கனம் எவ்வளவு இருந்தாலும் டிஸ்க் குப்பைக்கு. வீல் நட்டைக் கண்மண் தெரியாமல் இறுக்குவதும் அதிர்வைக் கொண்டுவரும், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச் வைத்து இறுக்கச் சொல்லுங்கள்.

## வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது

பிரேக் போடாதபோதும் இழுத்தால், இழுக்கிற பக்கத்துச் சக்கரம் பிடித்துக்கொண்டிருக்கிறது. போடும்போது மட்டும் இழுத்தால் உஷாராகுங்கள்: சுடுகிற பக்கம் ஒழுங்காக வேலை செய்கிறது, குளிர்ந்திருக்கும் எதிர்ப்பக்கம்தான் பழுது. காலிப்பரைத் தப்பான பக்கம் மாற்றுவது இங்கேதான் நடக்கிறது.

## வாடை வருகிறது, எந்தச் சக்கரமும் சுடவில்லை

புதுப் பேட் போட்ட முதல் சில நூறு கிலோமீட்டரில் வாடை வரும், போய்விடும். மேட்டில் ஊர்ந்தபின் வந்தால் கிளட்ச். சைலன்சரில் ஒட்டிய பிளாஸ்டிக் பை ஒரு தடவை என்னை அரை நாள் தேட வைத்தது.

## திரும்ப வராமல் இருக்க

வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்லைடு பின்களைக் கழற்றித் துடைத்து கிரீஸ் போடுங்கள். நான்கு சக்கரத்துக்கும் அரை நாள் வேலை, வேறு எதையும்விட இதுதான் பலன் தருகிறது. ஆயில் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. பேட் மாற்றினால் அச்சுக்கு இரண்டு பக்கமும்.

டிரைவர் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் தகட்டில் வண்டியின் மொத்த எடை வரம்பு இருக்கும். பெரியவர்கள் ஏழு பேர் ஏறினாலே ஐந்நூறு கிலோ ஆகிவிடுகிறது. அதற்குமேல் கூரையில் ஏற்றுவதற்கு எவ்வளவு மிச்சம் என்று ஒரு தடவை கூட்டிப் பாருங்கள், பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். டிரெய்லர் இழுத்தால் அதற்குத் தனி பிரேக் வேலை செய்ய வேண்டும். கம்பெனி கொடுத்ததைவிடப் பெரிய டயர் போட்டால் பிரேக்குக்கு வேலை கூடும்.

ஹைபிரிட், மின்சார வண்டி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். இவற்றில் வேகம் குறையும்போது மோட்டாரே மின்சாரம் உண்டாக்கி பேட்டரிக்கு அனுப்பி வண்டியை மெதுவாக்கும். மலை உச்சியில் பேட்டரியை முழுசாக நிரப்பாதீர்கள்; நிரம்பிய பேட்டரிக்குள் மின்சாரம் திரும்பப் போக இடமிருக்காது, இறக்கம் முழுவதும் டிஸ்க் பிரேக் தலையில் விழும். மற்றது, சாதாரண நாளில் டிஸ்க் பிரேக் அவ்வளவாக உழைக்காததால் பின்னும் பேடும் துருப்பிடித்துச் சிக்கும். பேட் தேயவில்லையே என்று கழற்றாமல் விடாதீர்கள்.

வண்டியின் கையுறைப் பெட்டியில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். நீண்ட ஓட்டம் முடிந்ததும் நான்கு சக்கரத்தின் சூட்டையும் அதில் எழுதிவிடுவேன், இரண்டு நிமிஷம்கூட ஆகாது. கடைசியாக எழுதியது: முன் இடது 92, முன் வலது 96, பின் இடது 61, பின் வலது 104. மறுநாள் காலையில் பின் வலதைக் கழற்றினேன். கீழ்ப் பின்னின் ரப்பர் உறையில் ஒரு அரிசி அளவுக் கிழிசல்.